பாறையில் யாருக்கு இடம்?

பவளத் தொட்டி, அதாவது உயிருள்ள பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி, வைத்திருப்பவர்கள் எனக்கு அனுப்பும் படங்களில் பாதிக்கு மேல் பாசிப் படங்கள். கூடவே ஒரு கேள்வி வரும்: "என்ன ஊத்துனா போகும்?" பாறையில் பச்சை முடி முளைத்திருந்தாலும் சரி, மணலில் சிவப்புத் தோல் படர்ந்திருந்தாலும் சரி, பவளக் கிளையில் பழுப்புச் சளி தொங்கினாலும் சரி, கேள்வி இதுதான். நான் திருப்பிக் கேட்பதும் மாறுவதில்லை: "தொட்டுப் பாத்தீங்களா?" பதில் கேட்டால் வேலை வைக்கிறானே என்று சிலருக்குக் கோபம்கூட வருகிறது.

தொடாமல் முடியாது. பாசி என்று மொத்தமாக நாம் திட்டும் கூட்டத்தில் இருப்பவை ஒன்றுக்கொன்று உறவே இல்லாத உயிர்கள். ஒன்றைக் கொல்வது இன்னொன்றுக்கு விருந்தாக முடியும். எனவே கையை நனைப்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

புதுத் தொட்டியில் முதல் சில வாரங்களில் மணல் மேல் படியும் பழுப்புத் தூசி டயட்டம். தடவினால் கலைந்து போகும். சிலிக்காவால் ஓடு கட்டிக்கொள்ளும் நுண்ணுயிர் இது. தண்ணீரில் இருக்கும் சிலிக்கேட் குறைந்ததும் தானாக வடிந்துவிடும். வைத்தியம் எதுவும் வேண்டாம். கரைந்த உப்புகளை நீக்கும் ஆர்.ஓ.டி.ஐ. வடிகட்டியிலிருந்து வரும் நீரில், கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் சுழியம் காட்டுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், போதும்.

சிவப்பாகவோ கரும்பச்சையாகவோ தோல்போலப் படர்ந்து, ஓரத்தைக் கிள்ளி இழுத்தால் ஒரே ஏடாக உரிந்து வருவது சயனோபாக்டீரியா. பகலில் அதனடியில் ஆக்சிஜன் குமிழ்கள் சிக்கி நிற்கும். பெயரிலேயே இருப்பதுபோல இது பாக்டீரியா. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பூமியின் காற்றில் ஆக்சிஜன் சேரத் தொடங்கியது இதன் மூதாதைகளின் புண்ணியத்தில்தான். அந்த நன்றியை மனதில் வைத்துக்கொண்டே குழாயை வைத்து உறிஞ்சி எடுத்துவிடலாம். நீரில் கரைந்திருக்கும் நைட்ரஜன் வாயுவையே உணவாக்கிக்கொள்ளும் இனங்கள் இந்தக் கூட்டத்தில் உண்டு. அதனால் நைட்ரேட் வற்றிப்போய் பாஸ்பேட் மட்டும் மிஞ்சியிருக்கும் தொட்டியில் போட்டியே இல்லாமல் இது படரும். நீரோட்டம் எட்டாத மூலைகளும் இதற்குப் பிடிக்கும். நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கரின் முகத்தைச் சற்றுத் திருப்பி வைத்ததிலேயே பாதி குறைந்த தொட்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது பச்சை முடி. இதில் இரண்டைப் பிரித்தறிய வேண்டும். கையில் எடுத்தால் வடிவமே இல்லாமல் ஈரப் பஞ்சாகச் சுருண்டுகொள்வது பெரும்பாலும் டெர்பெசியா. நடுத்தண்டும் இரு பக்கமும் சிறகு போன்ற கிளைகளும் தெரிந்தால் பிரையாப்சிஸ். இரண்டுமே குறுக்குச் சுவர் இல்லாத நீண்ட குழாய்கள். ஒரு இழை முழுவதும் ஒரே செல் என்றுகூடச் சொல்லலாம். பிரையாப்சிஸை நசுக்கினால் வெளியே கசியும் உயிர்ப்பொருள் கடல்நீரிலேயே திரண்டு, புதுச் சவ்வு போட்டுக்கொண்டு தனிச் செடியாக வளரும். ஆய்வகத்தில் செய்து காட்டப்பட்ட விஷயம் இது. தொட்டிக்குள் வைத்தே பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, மறு மாதம் "எங்கிருந்துதான் வருதோ" என்று வியப்பவர்களுக்கு இதைச் சொல்வதுண்டு.

டெர்பெசியா பற்றி எனக்குப் பிடித்த ஒரு செய்தி. ஹாலிசிஸ்டிஸ் என்று தனிப் பெயரோடு ஒரு குட்டிப் பச்சைக் குமிழ்ப் பாசி இருந்தது. 1938இல்தான் அதுவும் டெர்பெசியாவும் ஒரே உயிரின் இரண்டு பருவங்கள் என்று தெரியவந்தது. முடியும் குமிழும் ஒரே குடும்பம்கூட இல்லை, ஒரே ஆள்! இதற்கும் நம் தொட்டியைச் சுத்தம் செய்வதற்கும் சம்பந்தமில்லைதான். ஆனால் எதிரியைக் கொஞ்சம் மதிக்கத் தோன்றும்.

நம் தொட்டிகளில் வழக்கமாகத் தொல்லை தரும் குமிழ் வேறு, அது வலோனியா. உலகின் மிகப் பெரிய ஒற்றைச் செல் உயிர்களில் ஒன்று, சில சென்டிமீட்டர் விட்டம் வரை வளரும். உடைத்தால் பரவுமா பரவாதா என்று வாதம் முடிவதில்லை. நான் அந்த வாதத்துக்குள் போவதில்லை. பாறையை வெளியே எடுக்க முடிந்தால் எடுத்து, குமிழின் அடியில் உளி முனையை வைத்து, ஒட்டியிருக்கும் சில்லோடு சேர்த்துப் பெயர்த்துவிடுவேன். எமரால்டு நண்டுகள் தின்னும் என்பார்கள். சில தின்கின்றன. சில நாம் மீனுக்குப் போடும் தீனியிலேயே வயிற்றை நிரப்பிக்கொண்டு குமிழைத் திரும்பியும் பார்ப்பதில்லை.

இவ்வளவு அடையாளம் பார்த்த பிறகும் பலர் நேராகப் போய் நிற்பது சோதனைக் கிட்டின் முன்னால். "பாஸ்பேட் சுழியம்தான் காட்டுது, அப்புறம் ஏன் பாசி?" பாறை முழுக்கப் பச்சையாக இருக்கும் தொட்டியில் கிட் சுழியம் காட்டுவதில் அதிசயம் ஒன்றும் இல்லை. வந்ததை வந்தவுடன் பாசி குடித்துவிடுகிறது. மிச்சத்தைத்தான் கிட் அளக்கிறது. எவ்வளவு வந்துபோகிறது என்பதை அது சொல்லாது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். உலர் மீன் தீனியில் எடையில் 1% பாஸ்பரஸ் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிராம் தீனியில் 10 மில்லிகிராம் பாஸ்பரஸ். பாஸ்பேட்டாக மாற்றினால் ஏறத்தாழ 30 மில்லிகிராம். 300 லிட்டர் தொட்டியில் அது லிட்டருக்கு 0.1 மில்லிகிராம். இயற்கையான பவளத்திட்டு நீரில் இருப்பது பெரும்பாலும் 0.02க்கும் கீழே. அதாவது ஒரு சிட்டிகை தீனியிலேயே கடலின் அளவைப் பல மடங்கு தாண்டிவிடுகிறோம். மீன், பவளம், பாக்டீரியா, பாசி, நுரையால் கழிவைப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் எல்லாம் சேர்ந்து அதை இழுத்துக்கொள்வதால்தான் கிட்டில் அந்த எண் தெரிவதில்லை. அதோடு பாஸ்பேட் சுண்ணாம்புப் பாறையின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும் குணம் கொண்டது. நீரில் அளவு குறைந்தால் பாறை தன்னிடமிருப்பதை மெல்ல விடும். பழைய தொட்டியிலிருந்து வாங்கிய பாறையில் மாதக்கணக்கில் முடி முளைப்பதற்கு இதுவே காரணம். அடியில் ஒட்டி உட்கார்ந்திருக்கும் பாசிக்கு விருந்து நேராக வேர்க்காலிலேயே கிடைக்கிறது. நாம் தண்ணீரைச் சோதித்துக்கொண்டிருக்கிறோம்.

ரெட்ஃபீல்ட் விகிதம் என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் துல்லியமாகச் சரிக்கட்டப் பார்ப்பவர்களும் உண்டு. ஆல்ஃப்ரெட் ரெட்ஃபீல்ட் 1934இல் தொடங்கிவைத்த ஆய்வு அது. கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் மூன்றும் 106:16:1 என்று பின்னால் நிலைபெற்ற அந்தக் கணக்கு கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களுக்கானது. தரையில் பற்றி வளரும் பாசிகளை எடுத்துப் பார்த்தபோது நடுவான விகிதம் 550:30:1 பக்கமாக வந்தது. ஒரே அளவு பாஸ்பரஸை வைத்துக்கொண்டு அவை ஐந்து மடங்கு உடம்பை வளர்த்துக்கொள்கின்றன. பட்டினி போட்டுப் பாசியை ஒழிக்கும் யோசனையில் எனக்கு நம்பிக்கை குறைந்தது இந்த எண்களைப் பார்த்த பிறகுதான். நாம் வைக்கும் பட்டினியில் முதலில் வாடுவது பவளம்.

பட்டினியின் உச்சத்தில் என்ன வரும் என்பதற்கு, சாட்டை போன்ற இழையால் நீந்தும் ஒற்றைச் செல் உயிர்களான டைனோஃபிளாஜெலேட்டுகள் சாட்சி. நண்பர் ஒருவரின் தொட்டி. பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடுக் குருணை, பெரிய ஸ்கிம்மர், குறைந்த தீனி எல்லாம் சேர்ந்து நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் உண்மையிலேயே சுழியத்துக்குப் போயின. பச்சை முடி போனது. பாறை வெளுத்துக் கிடந்தது. அடுத்து மணல்மேல் பழுப்புச் சளி, நூல்நூலாக, ஒவ்வொரு நூலின் நுனியிலும் ஒரு குமிழோடு. இரவில் காணாமல் போகும். விளக்கு எரிந்த சில மணி நேரத்தில் மறுபடி தலைகாட்டும். நத்தைகள் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்தன. அவர் டயட்டம் என்று நினைத்துத் தண்ணீரை மாற்றினார், இன்னும் பெருகியது.

வீட்டில் செய்யக்கூடிய சோதனை எளிது. கொஞ்சம் சளியைத் தொட்டி நீரோடு ஒரு புட்டியில் எடுத்து, நன்றாகக் குலுக்கி, மெல்லிய காகித வடிகட்டியில் வடித்து, தெளிந்த நீரை விளக்கடியில் வையுங்கள். ஒரு மணி நேரத்தில் நூல்கள் மறுபடியும் சேர்ந்துகொண்டால் டைனோ என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம். அதன்பின் நுண்ணோக்கி. 400 மடங்கு உருப்பெருக்கம் போதும், விலை குறைந்த விளையாட்டு நுண்ணோக்கியே போதும். கூர்முனை கொண்ட துளி வடிவில், ஒரு புள்ளியில் கட்டிப்போட்டதுபோல அதே இடத்தில் சுழன்றால் ஆஸ்ட்ரியாப்சிஸ். நீள்வட்ட உடலும் வளைந்த சிறு அலகுமாக வழுக்கி ஊர்ந்தால் ஆம்ஃபிடினியம்.

இந்த வித்தியாசம் முக்கியம். ஆஸ்ட்ரியாப்சிஸ் இரவில் மணலை விட்டு நீரில் மிதக்கிறது. அதனால் புற ஊதா விளக்கு வழியாக நீரைச் செலுத்தினால் பெரும்பகுதி மாட்டும். பெரிய செல் ஆம்ஃபிடினியம் மணலை விட்டு எழுவதில்லை. அதற்குப் புற ஊதா வீண் செலவு. அங்கே சிலிக்கேட் சேர்த்து டயட்டமை வேண்டுமென்றே வளர்த்து, மணலில் அதற்குப் போட்டியாளரை உட்கார வைக்கிறார்கள். இரண்டுக்கும் பொதுவானது சத்தைத் திரும்பக் கொண்டுவருவது: நைட்ரேட் லிட்டருக்கு 5 முதல் 10 மில்லிகிராம், பாஸ்பேட் 0.05 முதல் 0.1 வரை, அதுவும் நாள்தோறும் அளந்து. நண்பர் முதலில் நம்பவில்லை. பாசியை ஒழிக்கப் பாஸ்பேட் ஊற்றச் சொன்னால் யார்தான் நம்புவார்கள்? ஊற்றினார். மணலில் முதலில் பச்சை வந்தது, பிறகு பழுப்பு தேய்ந்தது. அந்தப் பச்சையைப் பார்த்து அவர் சந்தோஷப்பட்டதுதான் வேடிக்கை.

ஒரு எச்சரிக்கையைச் சொல்லிவிட வேண்டும். ஆஸ்ட்ரியாப்சிஸ் இனங்கள் பாலிடாக்சின் வகை நஞ்சை உண்டாக்கும். 2005இல் இத்தாலியின் ஜெனோவா கடற்கரையில் இது பெருகியபோது, காற்றில் தெறித்த நீர்த்துளிகளைச் சுவாசித்த ஏறத்தாழ 200 பேர் காய்ச்சலும் மூச்சுத் திணறலுமாக மருத்துவம் தேடினார்கள். தொட்டியில் சந்தேகம் இருந்தால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், வாயால் சைஃபன் இழுக்காதீர்கள். இத்தனைக்கும், பவளத்தின் திசுவுக்குள் இருந்து அதற்குச் சோறு போடும் ஜூசாந்தெல்லேயும் டைனோஃபிளாஜெலேட்தான்.

இங்கேதான் நான் சொல்ல நினைக்கும் ஒரே விஷயத்துக்கு வருகிறேன். நண்பர் தொட்டியில் பிரச்சினை, வெளுத்துக் கிடந்த அந்தப் பாறை. வெளிச்சமும் ஈரமும் படும் எந்தப் பரப்பும் கடலில் காலியாக இருப்பதில்லை. காலி மனையைச் சும்மா விட்டால் புதர் மண்டுவதுபோல, யாரும் குடியேறாத பாறையில் முதலில் வருபவர் குடியேறுவார். தொட்டியில் பாசி என்பது முதலில் இடப் பிரச்சினை, அப்புறம்தான் சத்துப் பிரச்சினை என்பது என் கட்சி. பாறையை யார் பிடித்திருக்கிறார்கள், அவர்களை யார் மேய்கிறார்கள் என்று பார்த்தால் எண்கள் தாமாக ஒரு எல்லைக்குள் நிற்கும்.

இதைக் கடல் ஒருமுறை மிகப் பெரிய அளவில் காட்டியது. 1983 ஜனவரியில் பனாமா கரையோரம், டயடெமா என்னும் நீள முள் கொண்ட கடல் முள்ளெலிகள் சாகத் தொடங்கின. ஓராண்டுக்குச் சற்று அதிகமான காலத்தில் கரீபியன் கடல் முழுக்க நோய் பரவி, பல இடங்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் அழிந்தன. ஜமைக்காவில் பாசி தின்னும் மீன்களை அதற்கு முன்பே பிடித்துத் தீர்த்திருந்தார்கள். பாறையை மேய்ந்துகொண்டிருந்தது பெரும்பாலும் இந்த முள்ளெலி மட்டும்தான். 1980இல் ஒரு பெரும் புயல் வேறு பவளங்களை நொறுக்கியிருந்தது. 1977இல் ஜமைக்காத் திட்டுகளில் பவளம் 52%, பாசி 4%. 1993இல் பவளம் 3%, பாசி 92%. சத்து கூடியதும் ஒரு காரணம் என்று வாதிட்டவர்கள் உண்டு, இருக்கலாம். ஆனால் மேய்ப்பவர் போனதும் என்ன நடக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது. 2022இல் மறுபடியும் டயடெமாக்கள் கொத்துக்கொத்தாகச் செத்தன. அப்போது குற்றவாளி சிலியேட் என்ற வகை நுண்ணிய ஒற்றைச் செல் உயிர் என்று மறு ஆண்டே கண்டுபிடித்தார்கள். 1983இன் கொலையாளி யாரென்று இன்றுவரை உறுதியாகவில்லை.

ஆகவே என் தொட்டியில் மேய்ச்சலுக்கு ஆள் சேர்ப்பதில் நான் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை. டிரோக்கஸ் நத்தை எனக்குப் பிடித்தமானது. கவிழ்ந்து விழுந்தாலும் தானே நிமிர்ந்துகொள்ளும், தொட்டிக்குள்ளேயே குஞ்சும் பொரிக்கும். டர்போ நத்தை தின்பதில் சூரன், ஆனால் பாறையில் ஒட்டாத ஃபிராக் (பவளத் துண்டு) எல்லாவற்றையும் புல்டோசர் கணக்காகத் தள்ளிவிட்டுப் போகும். நீள முடியை நத்தைகள் அவ்வளவாகத் தொடுவதில்லை என்பதை மறந்துவிடக் கூடாது. அவை மேய்வது குட்டை முளைகளைத்தான். முடியை நாம் வெட்டிக் கொடுத்தால் மிச்சத்தை அவை பார்த்துக்கொள்ளும். டக்ஸிடோ முள்ளெலி ஒன்று இருந்தால் பாறை பளிச்சென்றாகும். பதிலுக்கு அது நம் பவளத் துண்டு எதையாவது தலையில் தூக்கி வைத்துக்கொண்டு உலா போவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நத்தை இனமான கடல் முயல் நீள முடியை வெறியோடு தின்னும். முடி தீர்ந்ததும் பட்டினியில் சாகும், சாகும்போது நஞ்சையும் விடக்கூடும். அதை யாரிடமாவது இரவல் வாங்கித் திருப்பிக் கொடுப்பதே முறை. டேங் மீன்கள் நல்ல மேய்ச்சல்காரர்கள், ஆனால் நீந்த நீளமான தொட்டி வேண்டும். சின்னத் தொட்டியில் பாசி தின்பதற்காக மட்டும் ஒரு டேங் மீனை அடைத்து வைப்பது எனக்கு உடன்பாடில்லை.

ஆள் சேர்த்துவிட்டு நாம் சும்மா இருக்கவும் முடியாது. பிடுங்குவதுதான் மிகச் சலிப்பான வேலை, மிகப் பலன் தரும் வேலையும் அதுதான். எடுக்க முடிந்த பாறையை ஒரு வாளித் தொட்டி நீரில் வைத்துத் தேய்த்து, அந்த நீரை எறிந்துவிட வேண்டும். எடுக்க முடியாத பாறையில், ஒரு கையில் சைஃபன் குழாய், மறு கையில் இடுக்கி. பிடுங்கும் இழை குழாய்க்குள்ளேயே போக வேண்டும். ஒரே நாளில் முழுத் தொட்டியையும் சுத்தம் செய்ய முயலாதீர்கள். ஒரு பாறையை முழுதாக முடித்து, நத்தைகளை அதன்மேல் தூக்கி வைத்துவிட்டு, அடுத்த வாரம் அடுத்த பாறைக்குப் போவது நல்லது.

மருந்துகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரையாப்சிஸுக்கு மட்டும் ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்தை லிட்டருக்கு சுமார் 5 மில்லிகிராம் கணக்கில், வடிகட்டிக் கரியை எடுத்துவிட்டு, பல தொட்டிக்காரர்கள் போடுகிறார்கள். நன்றாக வேலை செய்வதை நேரில் பார்த்திருக்கிறேன். சாகும் பாசி தன் சத்தையெல்லாம் திரும்ப நீரில் கொட்டும் என்பதால் அதற்கு முன் கையால் எடுக்க முடிந்ததை எடுத்துவிட வேண்டும். ஹைட்ரஜன் பெராக்சைடை வெளியே எடுத்த பாறையில் பிரஷ்ஷால் தடவுவது சரி. தொட்டியில் ஊற்றினால் லிஸ்மாட்டா இறால்கள் தாங்காமல் போகலாம். சயனோவுக்கு ஆன்டிபயாடிக் போடுவது எனக்குப் பிடிக்காது. தொட்டியே பாக்டீரியாவால் ஓடுகிறது, அங்கே போய்க் குண்டு வீசுவானேன். மூன்று நாள் இருட்டடிப்பு சயனோவையும் ஆஸ்ட்ரியாப்சிஸையும் தற்காலிகமாகத் தள்ளி வைக்கும், அவ்வளவுதான்.

பாசியை வேறு இடத்தில் வேண்டுமென்றே வளர்ப்பது இவற்றைவிட நல்ல யோசனை. ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வால்டர் ஏடி 1980களில் தன் பவளத்திட்டு மாதிரித் தொட்டிகளை இப்படித்தான் நடத்தினார்: பலத்த ஒளியில், நீர் அலையாக வந்து மோதும் வலைத் திரையில் பாசிப் புல்லை வளர்த்து, குறிப்பிட்ட இடைவெளியில் சுரண்டி எடுத்துவிடுவது. நம் வீட்டு அளவில் சம்ப்பில் (கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டியில்) ஒரு பெட்டி, ஒரு விளக்கு, ஒரு பந்து கீட்டோமார்ஃபா (நூல்நூலான பச்சைப் பாசி) போதும். ஆனால் காட்சித் தொட்டியில் பாசி ஏற்கெனவே வேரூன்றியிருந்தால், கீட்டோ வந்தவுடன் அது இடத்தைக் காலி செய்யும் என்று எதிர்பார்க்காதீர்கள். பிடுங்கிய பாறையில் அது திரும்பாமல் இருக்கத்தான் கீட்டோ உதவும். அந்தப் பாறையில் கடைசியில் வந்து உட்கார வேண்டியது ஊதாச் சுண்ணப் பாசி. கால்சியம் லிட்டருக்கு 420 மில்லிகிராம் சுற்றி, காரத்தன்மை 8 அல்லது 9 டிகேஎச், மக்னீசியம் 1300 பக்கமாக, எல்லாவற்றுக்கும் மேலாக ஏற்ற இறக்கமில்லாமல் இருந்தால் அது மெல்ல வரும். நல்ல தொட்டியிலிருந்து ஊதா படிந்த ஒரு சிறு கல்லைக் கேட்டு வாங்கி நீரோட்டத்துக்கு எதிரே வைத்தால் இன்னும் சீக்கிரம் வரும்.

கடைசியாக, பிடுங்கியதை எங்கே போடுவது? சாக்கடையிலோ குளத்திலோ கடலிலோ வேண்டவே வேண்டாம். 1984இல் மொனாக்கோவின் கடலியல் அருங்காட்சியகத்துக்குக் கீழே ஒரு சதுர மீட்டர் அளவில் காணப்பட்ட காலெர்ப்பா டாக்ஸிஃபோலியா, தொட்டிகளில் அழகுக்கு வளர்த்த இனம். பின்னாளில் மத்தியதரைக் கடலில் ஆயிரக்கணக்கான ஹெக்டேருக்குப் பரவியது. அதே இனம் 2000இல் கலிஃபோர்னியாவின் ஒரு காயலில் முளைத்தபோது, தார்ப்பாய் போட்டு மூடி உள்ளே குளோரின் செலுத்தினார்கள். முற்றாக ஒழிந்தது என்று அறிவிக்க 2006 ஆனது. நான் பிடுங்கிய பாசியைப் பழைய துணியில் பரப்பி, கையில் எடுத்தால் நொறுங்கும் வரை வெயிலில் காயவைத்து, பிறகு குப்பையில் போடுகிறேன். தேய்த்த வாளி நீரில் பிளீச்சிங் கரைசலைக் கலந்து ஒரு நாள் வைத்துவிட்டுத்தான் கொட்டுகிறேன். அந்த வாளியில் பெரிதாகக் குறி போட்டு வைத்திருக்கிறேன், உப்புக் கரைக்கும் வாளியோடு மாறிவிடாமல் இருக்க.